மூடி வைத்த சோறு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
8-2-1954

அன்புள்ள ஷரிபுதீன்,

உடம்புக்கும் மனதுக்கும் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் சுகம். அச்சுக்கூடத்தில் பிழை பார்த்துப் பார்த்துக் கண்தான் கொஞ்சம் மங்கிக்கொண்டு வருகிறது. பகல் முழுக்க ஊரார் எழுத்தைத் திருத்துகிறவன் தன் எழுத்தில் மட்டும் கைவைப்பதில்லை என்று இங்கே எல்லாரும் என்னைப் பகிடி பண்ணுகிறார்கள்.

உண்மைதானடா. வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை போகிறதல்லவா, அதை எழுதுகிற விதத்தை நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய். அச்சுக் கோப்பவர் பக்கத்திலேயே நிற்பார். ஒரு தாள் முடிந்ததும் மை காயமுன்னர் பிடுங்கிக்கொண்டு போவார். நான் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது முதல் பக்கம் ஈய எழுத்தில் ஏறியிருக்கும். போன கிழமை கதாநாயகியின் தமையனுக்குப் பெயரே மாறிவிட்டது. ஒருத்தரும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்கு வெட்கம் வரும், வெட்கம் வந்தால் கை ஓடாது.

உன் நாவல் என்ன பாடு? உன் மனைவி நதீரா கண்ணை மூடிய வருடம் தொடங்கினாய். இன்னும் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே நிற்கிறாய். கல்முனைக்குடிக் குடும்பத்துக் கதை என்று எங்கள் முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மனிதர் ஆவலாய்த்தான் இருக்கிறார். வருடக் கடைசிக்குள் தந்தால் புத்தகமாகப் போடுவார். பிந்தினால் பஞ்சாங்கம் அடிக்கத் தொடங்கிவிடுவார், பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறைக்கு வந்தால் கதைக்க ஓர் ஆள் இல்லை. உன் கடிதத்தை எடுத்து வாசிப்பேன். நான் இரண்டாம் தரம் வாசிக்கிற எழுத்து அது ஒன்றுதான்.

உன்,
பெனடிக்


786
கல்முனைக்குடி
21-2-1954

அன்புள்ள பெனடிக்,

உன் கடிதம் கடைக்கு வந்தது. சேலை பார்க்க வந்தவர்களை அப்படியே இருத்திவிட்டு வாசித்தேன். நிமிர்ந்து பார்க்க அவர்கள் அடுத்த கடையில் நிற்கிறார்கள். முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொன்னதற்கு உனக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும்.

நான் எழுதுவதைவிட வெட்டுவதுதான் அதிகம். புடவைக் கடைக்காரன் புத்தி எங்கே போகும்? துணி வெட்டும் கத்தரிக்கோலால் தாளை வெட்டி, வேறு இடத்தில் கோதுமைமாப் பசையால் ஒட்டி, காய்ந்ததும் திரும்பவும் வெட்டுகிறேன். ஒன்பதாம் அத்தியாயம் பசை ஏறிப் பப்படம் மாதிரி விறைத்துப் போய்க் கிடக்கிறது. போன கிழமை சந்தையில் காரைதீவுக் கந்தப்போடி அண்ணரைக் கண்டேன். அவரும் ஒரு நாவல் எழுதுகிறாராம், ஆனால் தாளைத் தொடவில்லை. மாவடிப்பள்ளி வயலில் நெல்லுச் சூடு மிதிக்கிற ஆட்களுக்கு வாயாலேயே சொல்லிக்கொண்டு வருகிறார். "ஆக்கள் கொட்டாவி விட்ட இடத்த அடுத்த நாள் சொல்ல மாட்டன் தம்பி. எல்லாம் சரி வந்தாத்தான் பேனை எடுக்கிற" என்றார். அவருக்குக் கேட்க ஆள் இருக்கிறது. எனக்கு இந்த வீட்டில் சுவர்தான்.

வீடும் இனி எத்தனை நாளைக்கோ. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து இருக்கிறவன். நதீராவின் தங்கை சுபைறாவுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். இந்த வீடுதான் அவளுக்கு. மாமி இதுவரை வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. பின்வளவிலிருந்து வேளைக்குச் சோறு அனுப்புகிறார். அவர் சொல்ல முன்னர் நாவலை இங்கே இருந்தே முடித்துவிட வேண்டும். இந்த வீட்டை விட்டால் என்னால் அதை எழுத முடியாது, பெனடிக்.

ஒன்பதாவது, அவள் சாகிற அத்தியாயம். ஆருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். அன்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடித்து வந்தோம். காய்ச்சலில் அவளுக்கு நிற்க ஏலாது. மாமியும் சுபைறாவும் வாசலில் நின்று அழுகிறார்கள். நான் தூக்கிக் காரில் இருத்தினேன். தலையைத் திருப்பி, "சோறு மூடி வெச்சிரிக்கன். மறுகா தின்னுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. களுவாஞ்சிக்குடி தாண்ட முன்னர் மௌத்து.

அந்த நேரத்திலும் என் பசியை நினைத்தாளே. அந்த வசனத்தை இன்னும் தாளில் வைக்கவில்லை. வேறு என்னவெல்லாமோ அவள் வாயில் வைத்துப் பார்த்து வெட்டி எறிந்தேன். அதை எழுதிவிட்டால் அவளிடமிருந்து எனக்கென்று வந்தது எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று பயமாயிருக்கிறது.

அன்பின்,
ஷரிபுதீன்


கொழும்பு
3-3-1954

அன்புள்ள ஷரிபு,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போனேன். நதீராவின் ஆன்மாவுக்காக மெழுகுதிரி ஒன்று கொளுத்தினேன், கோபிக்காதே.

நான் சொல்வதைக் கேள். அந்த வசனத்தை அப்படியே எழுது. முதலில் வாயில் வந்ததற்குத்தான் உயிர் இருக்கும். நீ வெட்டுகிற ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் செத்துப் போகிறது. எழுதிவிட்டுத் தாளைத் திருப்பி வைத்துவிடு.

நீளமாய் எழுத நேரமில்லை. இந்தக் கிழமை அத்தியாயத்துக்கு எனக்கு ஒரு வரிகூட வரவில்லை, அச்சுக் கோப்பவர் கதவடியில் நின்று செருமுகிறார்.

உன்,
பெனடிக்


786
கல்முனைக்குடி
20-3-1954

பெனடிக்,

பத்திரிகை வந்தது. உன் கதையில் அந்த மீன்காரர் வீட்டுப் பெண் காரில் ஏறிப் போகிறாள். போகும்போது தாயையும் தங்கச்சிமாரையும் திரும்பிப் பார்த்து, "சோறு மூடி வைத்திருக்கிறேன். பிறகு சாப்பிடுங்கள்" என்கிறாள். புருசன் பக்கத்தில் மரம் மாதிரி இருக்கிறான்.

நான் வருடக்கணக்கில் தொடப் பயந்ததை நீ ஒரு கிழமைக்குள் விற்றுவிட்டாய். எடுத்ததையாவது ஒழுங்காய் எடுத்தாயா? அவள் "மறுகா" என்றாள். கொழும்பில் விளங்காதென்று "பிறகு" ஆக்கிவிட்டாய். எனக்குச் சொன்னதைப் பிடுங்கி, தாய்க்கும் தங்கச்சிமாருக்கும் கொடுத்துவிட்டாய். சுபைறா பத்திரிகை வாசிக்கிறவள். மாமிக்கும் வாசித்துக் காட்டுவாள். அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிக்கிறது?

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

ஷரிபுதீன்


கொழும்பு
26-3-1954

என் அன்புள்ள ஷரிபு,

வேண்டாம் என்றாய், பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவளைக் காரில் ஏற்றிவிட்டேன், என்ன சொல்வாள் என்று தெரியவில்லை, கை அதை எழுதிவிட்டது. புருசன் கூடப் போகிறவன், ஆனபடியால் வீட்டில் நிற்கிறவர்களுக்குச் சொல்வதாய்த் தன்பாட்டில் வந்தது. எழுதி முடிந்து தாள் போன பிறகுதான் இது ஆருடைய வசனம் என்று உறைத்தது. அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். அதற்குள் மெசின் ஓடத் தொடங்கிவிட்டது. ஒருதரம் திரும்பி வாசித்திருந்தால் நானே வெட்டியிருப்பேன். திரும்பி வாசிக்காததை இவ்வளவு காலமும் பெருமையாய்ச் சொல்லித் திரிந்தவன் நான்.

என்னை ஏசி ஒரு கடிதமாவது போடு. தபால்காரர் இந்தச் சந்து ஒழுங்கைக்குள் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன்.

உன்,
பெனடிக்


786
கல்முனை
29-8-1954

அன்புள்ள பெனடிக்,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. இவ்வளவு நாளும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை.

நான் பயந்தபடியே சுபைறா உன் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். மாமி வந்தார். இத்தனை வருடத்தில் என்னோடு நேரே கதைத்தவரில்லை, அன்றும் கதவுத் திரைக்குப் பின்னால்தான் நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மருமகன், உங்கட கூட்டாளி பக்கத்தில நிண்டு பாத்தாப்போல எழுதியிரிக்கார். அவருக்கு ஆரு சொன்ன?"

"நான்தான் மாமி. ஆனா அவர் மாத்திப்போட்டார். அவள் எனக்குச் சொன்னத..."

"உங்களுக்கா?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நீங்க அவளோட கார்ல போற ஆள். உங்களுக்கு என்னத்துக்குச் சோறு மூடி வெக்கிற? அவள் என்னையும் சுபைறாவையும் பாத்தெல்லவா சொன்னவள். நாங்க அத தின்னல்ல. வெச்ச மாதிரியே கிடந்து பழுதாப் போச்சு. புள்ள சொன்னாளே, ஒரு வாயாவது தின்னிருக்கலாமே எண்டு எனக்கு இன்னும் நெஞ்சு எரியிது." சொல்லிவிட்டு அழுதுகொண்டு போய்விட்டார்.

புருசனுக்கும் "தின்னுங்க"தான், நாலு பேருக்கும் "தின்னுங்க"தான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், பெனடிக். அந்த அத்தியாயத்தை அத்தனை தரம் வெட்டி ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் நான் காரில் ஏறுகிறேன். ஒருதரமாவது அது என் கண்ணில் படவில்லை. ஒன்றையும் பாராமல் ஓடுகிற உன் கை அதைச் சரியாய் எழுதிவிட்டது. அதற்காக உன்மேல் இன்னும் கூடக் கோபம் வந்தது.

கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எனக்கென்று அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று இருந்தேன், அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு பல நாள் கத்தரிக்கோலைத் துணிக்கு மட்டும்தான் எடுத்தேன்.

பெருநாள் முடிந்த கையோடு மாமியிடம் நானே சொல்லிவிட்டு எழும்பினேன். இப்போது கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறேன். புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பாய் போட இடம் இருக்கிறது. அந்த வீட்டை விட்டால் எழுத முடியாது என்றேனே, இங்கே வந்துதான் ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதினேன், உன்னைப் போல ஒரே இருப்பில். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. அதில் அவள் "மறுகா தின்னுங்க" என்று உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சொல்கிறாள். அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருக்கிறவனுக்கு என்ன சொல்வது என்று இருந்திருப்பாள்.

கையெழுத்துப் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதலாளியிடம் கொடு. பிழை பார்க்கிறவன் நீதானே, "மறுகா"வை மட்டும் தொடாதே.

நீ கடிதம் போடு, நானும் போடுவேன். மழை பெய்தது, கடை வியாபாரம், ஊர்ச் செய்தி எல்லாம் எழுதுவேன். மனதுக்குள் இருக்கிற மற்றதை எழுதமாட்டேன். அது எனக்கு வேண்டும்.

ஷரிபுதீன்