இரண்டை ஒன்றாக எண்ணியது

மார்ச் 3, செவ்வாய்
எண்ணி முடித்துவிட்டேன். முந்நூற்று நான்கு புள்ளிகள். மென்பொருள் எவ்வளவு பெரியது என்று அளப்பதுதான் என் வேலை; அதில் எத்தனை வரி என்று நான் பார்ப்பதில்லை. பயன்படுத்துகிறவர் அதனிடம் என்னென்ன கேட்கிறார், அது என்னென்ன திருப்பித் தருகிறது, எதையெல்லாம் சேமித்து வைக்கிறது – இவற்றுக்குத்தான் புள்ளி. இது மருத்துவமனைக்கானது, யாருக்கு எவ்வளவு மருந்து என்று நர்ஸுக்குச் சொல்லும். முந்நூறைத் தாண்டினால் வெளியாள் வந்து சரிபார்க்க வேண்டும். வெளியீடு ஆறு வாரம் தள்ளிப்போகும். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4
சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.
"பெரியவங்க மருந்தளவு, குழந்தைங்க மருந்தளவு. ரெண்டு திரையும் அச்சு அசல் ஒண்ணாத்தானே இருக்கு? எதுக்கும்மா ரெண்டா எண்ணுறீங்க?"
"உள்ள கணக்கு வேற சார். குழந்தைக்கு எடையை வெச்சு–"
"நீங்க எண்ணத்தானே வந்தீங்க, வைத்தியம் பார்க்கவா?" சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?
ஒன்றாக்கிவிட்டேன். அந்த ஒரு திரைக்கான ஏழு புள்ளி போயிற்று. இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

மார்ச் 12
என் பட்டியலில் ஒரு வரி என்றால் சோதனைக் குழுவில் அதற்கொரு சோதனை. அங்கிருக்கும் தோழி கேட்டாள்: "குழந்தைக்குத் தனியா வரியே இல்லையேடி?"
"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். வாய் கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 30
அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எங்க வார்டுக்குப் புது கம்ப்யூட்டர் வந்திருக்குடி. இனிமே நாங்க கணக்கே போட வேண்டாமாம்" என்றாள்.
எங்களுடையதுதான். தெரியாதவள் மாதிரி "அப்படியா" என்றேன்.

ஏப்ரல் 3
"எடையைப் போட மறந்துட்டேன். அது பாட்டுக்குப் பெரியவங்க அளவைக் காட்டுது! பழக்க தோஷத்துல பேப்பர்ல போட்டுப் பார்த்தேனோ, பொழச்சேன்" என்றாள் அக்கா.
"எல்லாரும் போட்டுப் பார்ப்பாங்களாக்கா?"
"கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா எவடி பார்ப்பா?"
குழந்தைத் திரையைத் தனியாகச் சோதித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். மேலாளரிடம் ஓடினேன். "அடுத்த வாரம் சரி பண்ணிடலாம். வெளிய தெரிஞ்சா பட்டியல்ல இருக்கற உங்க கையெழுத்துதான் முதல்ல வரும், பார்த்துக்கோங்க" என்றார்.
வார்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். என் கையெழுத்தையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு
இன்று அக்காவுக்கு விடுமுறை. வார்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

ஏப்ரல் 6
பதினொரு மாதக் குழந்தை. நேற்று டியூட்டியில் இருந்த பெண் புதிது; எடையைப் போடவில்லை. திரையில் வந்த அளவை அப்படியே ஏற்றிவிட்டாள்.
"இன்னும் கண்ணைத் திறக்கல. எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் பிடிச்சுத் திட்டுறாங்க. பாவம், அழுதுட்டே இருக்கா" என்றாள் அக்கா.
அப்போதுதான் சொன்னேன். எண்ணியது நான். தெரிந்தேதான் ஒன்றாக்கினேன். வெள்ளிக்கிழமையே எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.
அக்கா என் தட்டில் சோறு வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஏப்ரல் 9
மருத்துவமனை விசாரணைக் குழுவிடம் இரண்டு பட்டியல்களையும் கொடுத்தேன், பழையதும் திருத்தியதும். யார் சொல்லித் திருத்தினேன் என்று கேட்டார்கள். சொன்னேன். திருத்திய கை யாருடையது என்றும் கேட்டார்கள். அதையும் சொன்னேன்.
வெளியே பெஞ்சில் அந்தப் புது நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.
"முப்பதாம் தேதியிலிருந்து எத்தனை குழந்தைக்கு அந்த அளவு போயிருக்கும்? உன்னால எண்ண முடியுமா?"
குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.
முடியாது என்றேன்.