தங்கை வாசலில் இறக்கிய உரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோருதல்

அனுப்புநர்
தக்காளி வளர்ப்பவர் (மூத்தவர்),
வாய்க்கால் கரைத் தோட்டம்,
சிவப்புப் பலகை மாட்டிய கதவு.

பெறுநர்
உயர்திரு பயிர்ப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம், மாடி அறை.

பொருள்: வாடல் நோய்ச் செடிகளை அரைத்துத் தயாரித்த மக்கு உரம் – பக்கத்துத் தோட்டத்தில் பரப்பப்படும் முன் அப்புறப்படுத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் என் கதவில் மாட்டிய மேற்படி சிவப்புப் பலகை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு வேலை அதிகம் என்று கீழ்த்தளத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆகவே அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை காலை என் தங்கை தன் தோட்டத்தில் தங்கள் கிடங்கு உரத்தைப் பரப்பப் போகிறாள். அந்த உரத்தில் நோய் இருக்கிறது. கீழே உள்ளவை எல்லாம் இதற்கான விளக்கம்தான்.

1. நானும் தங்கையும் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள். அப்பாவின் நிலத்தை நடுவில் கம்பி வேலி போட்டுப் பிரித்துக்கொண்டோம். இருவரும் பிளாஸ்டிக் கூடாரத்தில் தக்காளி போடுகிறோம். தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக நின்று, யார் செடி உயரம் என்று வாயடிப்பது வழக்கம். அவள் செடிதான் உயரம். இதை அவளிடம் நான் ஒப்புக்கொண்டது இல்லை.

2. சென்ற பருவத்தில் தங்கள் கிடங்கிலிருந்து எனக்கு ஒரு வண்டி மக்கு உரம் இலவசமாகக் கிடைத்தது. வாங்கியபோது மனதார நன்றி சொன்னேன். உரம் எல்லாக் கூடாரத்துக்கும் போதவில்லை. கடைசிக் கூடாரத்துக்கு மட்டும் போட்டேன். காய் பிடிக்கும் நேரத்தில் அந்தக் கூடாரத்தில் மட்டும் அடி இலைகள் மஞ்சளாயின. அதுவும் இலையின் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி பச்சை. உச்சி வெயிலில் செடி துவளும், மாலையில் நிமிரும். "வெயில்தான்க்கா, சாயங்காலம் எந்திரிச்சுரும்" என்று தங்கை வேலியோரம் நின்று தைரியம் சொன்னாள். என் வீட்டுக்காரர் தண்ணீரைக் கூட்டினார். பிறகு ஒருநாள் மாலையில் செடிகள் எழுந்திருக்கவில்லை.

3. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே நெடுகப் பழுப்புக் கோடு. எடுத்துக்கொண்டு தங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மா மிகப் பொறுமையாக விளக்கினார். இது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை இனமாம். பெரிய குடும்பம், வாழைக்கு ஒன்று, தர்பூசணிக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பயிரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறதாம். வேர் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துவிடுகிறது. காலடியில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகிறது. "மண்ணுல இருக்கும்மா. செடியே இல்லைன்னாலும் வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கும். உள்ள போயிட்டா மருந்து கிடையாது" என்றார். நுண்ணோக்கிக் கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னார். பிறை போல வளைந்த சின்னச் சின்ன வித்துகள். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

4. தங்கள் பணியாளர்கள் வந்து நோய்ச் செடிகளைப் பிடுங்கினார்கள். குடியிருப்பு அருகே புகை போடக் கூடாது என்பதால் எரிக்கவில்லை; வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "தோட்டக்காரரின் சுகாதாரக் குறைவு" என்று அறிக்கை எழுதி, "நோய்த் தோட்டம், உள்ளே வராதீர்" என்ற பலகையையும் மாட்டினார்கள். கூடாரத்துக்குள் போகத் தனிச் செருப்பு வைத்திருப்பவள் நான். ஆனாலும் அதை வாதாட இந்த மனுவை எழுதவில்லை. பலகை இருந்துவிட்டுப் போகட்டும்.

5. ஐயா, இனிமேல்தான் விஷயம். நான் செடிகளைக் கயிற்றால் கட்டுவது இல்லை. கயிறு இளந்தண்டை அறுக்கும். பழைய மேசை விரிப்பை நாடா நாடாவாகக் கிழித்துக் கட்டுவேன். மஞ்சள் கட்டம் போட்ட நீலத் துணி. இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவது இல்லை. தங்கை பல தடவை கேலி செய்திருக்கிறாள். போன வியாழக்கிழமை தங்கள் வண்டி அவள் வாசலில் ஒரு குவியல் உரத்தை இறக்கிவிட்டுப் போயிற்று. வேலி வழியே பார்க்கிறேன், குவியலிலிருந்து என் நாடா ஒன்று எட்டிப் பார்க்கிறது. முடிச்சுகூட அவிழவில்லை, என் கை போட்ட முடிச்சு. நீளக் கழியால் அதை இழுத்தெடுத்து, இரண்டு பைகளுக்குள் வைத்துக் கட்டி இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து தாங்கள் பிரிக்க வேண்டாம், ஆய்வுக்கூடத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

6. அன்றே கிடங்குக்குப் போனேன். பிடுங்கிய நோய்ச் செடிகளும் மற்ற தழைகளும் ஒரே எந்திரத்தில் அரைபடுகின்றன. தனித்தனியே கொட்ட இடம் இல்லை என்றார்கள். கிடங்கு மேற்பார்வையாளர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "சூட்டுல எல்லாம் செத்துரும்மா, நீங்க ஏன் சும்மா பயப்படுறீங்க" என்றார். குவியலின் நடுவில் சூடு இருந்தது உண்மைதான். ஓரத்தில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. குவியலைப் புரட்டிப் போடும் எந்திரம் பழுதாகிக் கிடக்கிறதாம். ஓரத்தையும் சேர்த்துத்தான் வண்டியில் அள்ளுகிறார்கள். எனக்கு வந்ததும் இப்படித்தான் வந்திருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை.

7. தங்கையிடம் சொன்னேனா என்று தாங்கள் கேட்கலாம். சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "உனக்கு வந்துருச்சுன்னு எனக்கு உரம் கிடைக்கக் கூடாதா? ஆபீஸ்காரங்க குடுக்கறது தப்பா இருக்குமா? போய் உன் கதவுல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றாள். நாடாவைக் காட்டினேன். காற்றில் பறந்து வந்திருக்கும் என்றாள், நான் பொறாமைக்காரி என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இப்போது நான் வேலிப் பக்கம் போனால் அவள் கூடாரத்துக்குள் போய்விடுகிறாள். ஐயா, பொறாமைக்காரி என்று கூடப்பிறந்தவள் வாயால் கேட்டது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

8. நானே மண்வெட்டியோடு போய் அள்ளிவிடலாம் என்றும் நினைத்தேன். "அவ வாசல்ல போய் அள்ளினா உரத்துக்கு முன்னாடி உன்னைத்தான் வண்டியில ஏத்துவாங்க" என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். வழியெல்லாம் சிந்தி இன்னும் பரவும் என்றும் சொன்னார். அவர் சொல்வதும் சரிதான்.

9. எனக்குக் கெட்டது ஒரு கூடாரம். அங்கே வெங்காயம் போட்டுப் பிழைத்துக்கொள்வேன். அவள் இந்த உரத்தைத் தன் எல்லாக் கூடாரத்துக்கும் போடப் போகிறாள். அவள் கணவருக்கு முதுகு ஒத்துழைப்பது இல்லை. அந்த வீடு நடப்பது அவள் கையால்தான், அதுவும் தக்காளியால்தான். ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

10. ஆகவே தாங்கள் திங்கட்கிழமை விடிந்ததும் வண்டியோடு ஆளனுப்பி அந்தக் குவியலை மூடி எடுத்துச் செல்லும்படியும், அதைத் தாங்களே நேரில் வந்து அவளிடம் சொல்லும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டாள். அலுவலகம் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டாள். உரத்தில் தவறு என்று சொல்வது தங்கள் அலுவலகத்துக்குச் சங்கடம் என்றால், அப்படிச் சொல்ல வேண்டாம். உன் அக்காவின் அசட்டையால் அவள் தோட்டத்து நோய் இந்தக் குவியலில் கலந்துவிட்டது என்று சொல்லுங்கள். அவள் உடனே நம்புவாள். எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவள் என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை, ஐயா. அவள் செடி நிற்க வேண்டும்.

தங்கள் வண்டியை எதிர்பார்த்துக் கதவருகே காத்திருக்கும்,

(ஒப்பம்)
அவளுடைய அக்கா

இடம்: வாய்க்கால் கரைத் தோட்டம்
நாள்: சனிக்கிழமை