நான் காட்டிய இடம்

என் உயிரான அப்பா,

காலமானவருக்கு எழுதுகிறேனா, எங்கோ காத்திருப்பவருக்கு எழுதுகிறேனா? நேற்றுவரை தெரிந்திருந்தது. இன்று தெரியவில்லை.

"நிச்சயம்" என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி, ஒரு வாக்கியமும் அமைக்கச் சொல்லி வாத்தியார் வீட்டுப்பாடம் தந்தது நினைவிருக்கிறதா? ஐயத்துக்கு இடமில்லாதது என்று எழுதினேன். 'அப்பா நாளை நிச்சயமாக மீன் கொண்டு வருவார்' என்று வாசித்துக் காட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஆத்துக்குக் கேக்கப்போகுது புள்ள. 'பாப்பம்' எண்டு எழுது." அதற்கு வாத்தியார் புள்ளி தரமாட்டார் என்று சண்டை பிடித்தேன்.

பெருங்காற்று அடித்த அன்று, பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே ஒரு தோணி கவிழ்வதைக் கண்டேன். பாய்மரத்துப் பாயில் நீல ஒட்டு. என் பழைய பாவாடையில் வெட்டி நீங்கள் தைத்தது. ஊருக்குப் பொறுப்பான விதானையார் கேட்டார்: "வடிவா யோசிச்சுச் சொல்லு மகள். அப்பாட தோணிதானா?"

"நிச்சயமா" என்றேன்.

மூன்று நாள் அந்த இடத்திலேயே வலை போட்டு இழுத்தார்கள். வேறெங்கும் ஒருவரும் போகவில்லை. பிறகு அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள்.

நேற்றுக் காத்தான்குடித் தோணிக்காரர் இஸ்மாயில் காக்கா அந்தப் பாயைச் சுருட்டித் தோளில் கொண்டு வந்தார். திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு வீட்டின் கோலம் விளங்கவில்லை. "என்ட பாய் கிழிஞ்சிட்டு எண்டு உங்கட அப்பாதான் தந்தவர். 'நான் வடக்கால கிட்டத்தான் போறன், எனக்குத் தோணி ஊண்டுற கம்பு போதும்' எண்டார்." கவிழ்ந்தது காக்காவின் தோணி. மண்டூர்ப் பக்கம் கரையேறி, இத்தனை நாளும் காய்ச்சலில் கிடந்தாராம்.

தோணிக்காரர் பாய் இரவல் கொடுப்பது எனக்குத் தெரியாததா அப்பா?

அம்மா ஏசவில்லை. வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு ஒன்றுதான் கேட்டார். "நீ அப்பாவக் கண்டனியா, பாயக் கண்டனியா?"

பாயை.

அந்த மூன்று நாளும் வடக்கே, கரையோரக் கண்டல் மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டீர்களா? தெற்கே எல்லாரும் என் சொல்லை நம்பி வலை இழுத்தபோது, உங்கள் குரல் எத்தனை நாள் இருந்தது?

விதானையாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை காக்காவோடு நானும் வடக்கே வருகிறேன். உங்கள் கம்பையாவது கண்ணால் காணும்வரை, உங்களைப் பற்றி 'நிச்சயம்' என்ற அந்தச் சொல்லை என் வாயால் சொல்லமாட்டேன்.

பாப்பம், அப்பா.

உங்கள் மூத்த மகள்,
பூரணம்