லேடிக்கு ஒரு சட்டம், பாய்க்கு ஒரு சட்டம்

ஜூன் 8, ஞாயிறு

இன்று வகுப்பில் குறட்டை விட்டுவிட்டேன். சின்னக் குறட்டை இல்லை; முன்வரிசையே திரும்பிப் பார்த்ததாகப் பொன்செல்வி சொல்கிறாள். அவள் என்னோடு மலையாள ஊரான கழக்கூட்டத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் சமைப்பவள், என்னோடு பெரியவர்களுக்கான ஏழாம் வகுப்புப் பரீட்சைக்குச் சேர்ந்தவள், எனக்கு வரும் அவமானம் ஒன்றையும் தவறவிடாதவள்.

சிபி சார் பாடத்தை நிறுத்தி, "உலகம்மா சேச்சி, உறக்கம் தீர்ந்தோ?" என்றார்.

"தீரல சார். நீங்க நிறுத்துனதாலதான் முழிப்பு வந்துட்டு."

ஜூன் 15

இங்கிலீஷில் பன்மை. லேடி கூட்டமாக வந்தால் கடைசியில் இருக்கும் ஒய் போய்விட வேண்டும், அந்த இடத்தில் ஐ-இ-எஸ். பாய் கூட்டமாக வந்தால் ஒய்க்கு ஒன்றும் ஆகாது. எஸ் மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதானே! பொம்பளை நாலு பேர் சேர்ந்தால்தான் உருவத்தையே மாற்றணும். இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஆணும் பெண்ணும் அல்ல சேச்சி! ஒய்க்கு முன்னால நிக்கற எழுத்தை நோக்கணும். உயிரெழுத்துன்னா தொடண்டா" என்றார் சிபி சார்.

ஓகோ. பக்கத்தில் பெரிய ஆள் நின்றால் தொடக்கூடாது. இது ஊர் நியாயம், இதற்கு எதற்குத் தனி வகுப்பு?

ஜூன் 17

சோற்று அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது முட்டி மறுபடியும் 'கறக்' என்றது. மேனேஜர் சுஜித்துக்கே கேட்டிருக்கும். "ஏழாவது பாஸாகி வா சேச்சி, ஸ்டோரை உனக்குத் தரேன். இல்லெங்கில் வேற ஆளை நோக்கணும்" என்றார். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்துப் பதிந்தால் போதும், அண்டா தூக்க வேண்டாம்.

இந்தக் காலோடு இன்னொரு வருஷம் அடுப்படியில் நிற்க முடியாது. இது மட்டும் கிண்டல் இல்லை.

ஜூன் 29

வீட்டுக்காரர் கேட்கிறார்: "ஒனக்கு எதுக்குட்டி இங்கிலீஷு? சாம்பாரு ஒங்கிட்ட இங்கிலீஷ்லயா பேசுது?"

"ஒங்கள மாதிரி இல்ல, சாம்பாரு கொதிச்சா அடங்கிரும்."

ஜூலை 6

மேக், டேக், ரைட் — எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் இ இருக்கிறது. வாயே திறக்காது. ஆனால் இங் என்று ஒருத்தி வீட்டுக்குள் வந்ததும் முதலில் வெளியேற்றப்படுவது அந்த வாயில்லாப் பூச்சிதான். வெள்ளைக்காரன் வீட்டிலும் மாமியார் உண்டு போல.

ஜூலை 20

ஹாப் என்றால் ஒற்றைக் காலில் குதிப்பது. அதோடு இங் சேர்த்தால் பி இரண்டாகும். ஹோப் என்றால் நம்பிக்கை வைப்பது. அதற்கு ஒரே பி. குதிப்பதைக் கண்ணாடி இல்லாமல் எழுதினால் நம்பிக்கை ஆகிவிடுகிறது. என் பிழைப்பும் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

நாளைக்குப் பரீட்சை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கப் போனோம். ஓங்கி எறிந்து சிதறவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எறிந்தார்கள். என் கை சமையல்காரி கை. தன்பாட்டில் திட்டின் விளிம்பில் ஒரு தட்டு, திருப்பி ஒரு தட்டு — நூல் பிடித்த மாதிரி இரண்டு முறி! போதாததற்குத் தண்ணீரையும் குடித்துவிட்டேன்.

பொன்செல்வி கத்தினாள்: "யக்கா! பிள்ளையாருக்குச் சட்னியா அரைக்கப் போற?"

நானும் சிரிச்சேன். பஸ்ல ஏறுனதுக்கு அப்புறந்தான் ஒறைச்சுது. செதறலன்னா தடை போகாதாமே? இன்னொண்ணு வாங்கி அடிச்சிருக்கலாம்லா? ஏன் தோணல எனக்கு? அந்த முறியத் தூக்கிட்டு வந்து நெசமாவே சட்னி அரைச்சாச்சு. ஹாஸ்டல் பிள்ளைங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாச்சு. இனி பிள்ளையார்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போய்க் கேக்க?

ஆகஸ்ட் 24

எழுதினேன். லேடி வந்தாள், பாய் வந்தான், பாவிகள் மங்க்கியையும் கூட்டிவந்திருந்தார்கள்.

அக்டோபர் 17

பாஸ்! பொன்செல்வியும் பாஸ். இங்கிலீஷில் என்னைவிட ஒரு மார்க் கூடுதலாம். பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சட்டையை எடுத்து மாட்டினார். வெளியே போய்ச் சூடாகப் பழம்பொரி வாங்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டு டிவியைப் போட்டார்.

நவம்பர் 3, திங்கள்

ஸ்டோரில் முதல் நாள். சுஜித் சாவியைத் தந்து, "இரிக்கு சேச்சி" என்று நாற்காலியைக் காட்டினார். ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸ் கழித்துப் போட்ட நாற்காலி. கீழே சக்கரம் இருப்பதை யாரும் சொல்லவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நிதானமாக உட்கார்ந்தேன். நாற்காலி பின்னால் போய்விட்டது. நான் முட்டை அட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியம் ஹாஸ்டலில் எல்லோருக்கும் ஆம்லெட்.