நான்காவது கோப்பை

1. இதை எழுதுபவன் நான். திருகோணமலையில் பதினெட்டு வருடமாகப் பிரசித்த நொத்தாரிசு; காணி உறுதிப் பத்திரங்கள் எழுதுவது தொழில்.
2. பாக்கியம் என் மனைவி.
3. இக்குறிப்பை வாசிக்க மேற்படி இலக்கம் 2 உட்பட எவருக்கும் அனுமதியில்லை.

3-6-69
காலையிலேயே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. மேசைத் தாள்கள் எல்லாம் தரையில்.

ஒரு வெள்ளைக்காரர் தமது பாய்ப்படகை மூன்று நாள் வாடகைக்குத் தருகிறார். ஓட்டுபவர் கிண்ணியாக் காசிம். கல்யாணத்தின் பின் எங்கள் முதல் உல்லாசப் பயணம். போகுமிடம் தீர்மானிக்க வேண்டும்.

(அ) மூதூர்ப் பக்கம். குடாவுக்குள் அமைதியான நீர். என் தெரிவு.
(ஆ) புறாத்தீவு. வெயில்.
(இ) இறக்கக்கண்டி. மீனவரின் ஓலை வாடிகள் தவிர ஒன்றுமில்லை. பாக்கியத்தின் தெரிவு.

காரணம் கேட்டேன். "அங்க காத்து நல்லம்." இவளுக்குக் காற்றைப் பற்றி எப்போது தெரிந்தது?

4-6
இறக்கக்கண்டியில் இருப்பது அவளுடைய தங்கை தவமணி. பதினொரு வருடமாகப் பேச்சில்லை. மாமியார் தென்னங்காணியைப் பாக்கியத்துக்கு எழுதினார். உறுதியை முடித்தவர் வேறொரு நொத்தாரிசு, நான் தொடவில்லை. இருந்தும், மூளை என்னுடையது என்பது தவமணியின் கட்சி. அன்று இருவரும் சபதம்: அவள் வீட்டு வாசற் படலைக்குள் இவள் காலடி வைப்பதில்லை, எங்கள் படலைக்குள் அவள்.

மதியச் சாப்பாட்டில் பாக்கியம்: "இஞ்சருங்கோ, படகு அசையும் சொத்தோ, அசையாச் சொத்தோ?"
"அசையும்."
"அப்ப அது வீடு இல்லைத்தானே?"
"இல்லை."
திருப்தியோடு எனக்கு இன்னுமொரு கரண்டி சொதி.

சந்தேகம்: காணியைத் தங்கைக்கு மாற்றும் எண்ணமா? நான் எழுந்து போக முடியாத நடுக்கடலில் இருத்திச் சம்மதம் வாங்கவா?

5-6
வேலியருகே காசிமும் பாக்கியமும். என்னைக் கண்டதும் கதை நின்றது.
காசிம்: "மீன் விலை கதைச்சனாங்கள், ஐயா." கையில் மீன் இல்லை.
போன கிழமை மூதூரைப் புகழ்ந்தவர் இவர். இன்று: "கச்சான் தரையிலிருந்துதானே அடிக்குது. இறக்கக்கண்டிக் கரையோரம் தண்ணி குளம் மாதிரிக் கிடக்கும்." சாட்சியம் மாறுகிறது. இருவரும் பேசி வைத்தது.

தீர்மானம்: (இ). மறுத்தால் நோக்கம் வெளிப்படாது. காணி உறுதி அலுமாரியில், பூட்டியாயிற்று. சாவி என் மடியில்.

6-6
பொதியில்: அரிசி, தேயிலை, சீனி, தொதல் பலகாரம், கோப்பை நான்கு. பயணிகள் மூவர்.
"நாலாவது ஆருக்கு?"
"ஒண்டு உடைஞ்சால் வேணுமே."
தகரக் கோப்பைகள்.

7-6
காலை புறப்பாடு. தலைசுற்று, இரு தடவை. பிற்பகல் இறக்கக்கண்டிக்கு முன்னால் நங்கூரம். தண்ணீர் உண்மையிலேயே குளம்.

கரையிலிருந்து ஒரு வள்ளம். நடுவில் தவமணி, நிமிர்ந்து. தலை நரைத்துவிட்டது. சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வள்ளம் அணைந்தது. அவள் ஏறவில்லை. "அக்கா, இதில படலை இருக்கோ?"
"இல்லையடி. இது வீடில்லை, அசையும் சொத்து. நொத்தாரிசு ஐயாவே சொன்னவர். ஏறு."
காசிம்: "படலை இல்ல, ஏணிதான். கையைத் தாங்க, தண்ணிக்குள்ள விழுந்திராம."

மூன்று நாளாக நான் விசாரித்த சதி இதுதான்.

ஏறியதும் என்னிடம்: "அத்தான், காணியைப் பற்றி வாய் திறந்தால் திரும்பிப் போயிடுவன்."
"நான் ஒன்றும்..."
"ஓம், நீங்கள் எப்பவும் ஒண்டும் சொல்லாத ஆள்தான்."
பாக்கியம் சிரித்தாள். பிறகு இருவரும் ஒரே பாயில் இருந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். நான்கு கோப்பை.

தவமணி இந்தக் குறிப்புக் கொப்பியைக் கண்டுவிட்டாள். "எல்லாம் எழுதுறீங்கள். இதையும் எழுதுங்கோவன். நாங்கள் கையெழுத்து வைக்கிறம்." ஆரம்பத்தின் இலக்கம் 3 இத்தால் இரத்து.

எழுதியவர்: ச. தம்பிராசா, நொத்தாரிசு.
சாட்சிகள்:
1. த. பாக்கியம்
2. வே. தவமணி
சாட்சிகள் இருவரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் கூடியிருந்து ஒப்பமிட்டனர் என இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்.