எழுபதுக்கு இறங்கினால் வா

ஆவடி குவார்ட்டர்ஸ்
3.6.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நானும் கார்த்திகாவும் சௌக்கியம். போனில் நீ அழுதே பேச்சை முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நம் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஆகஸ்ட் பதினெட்டு. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் ஒடிசல். உன்னை மேடையில் பார்த்தால், பெண்ணும் நாளைக்கு இப்படித்தான் ஊதுவாள் என்று நினைப்பார்கள். எழுபத்தெட்டு கிலோவிலிருந்து எழுபதுக்கு இறங்கினால் தட்டு மாற்ற வா. அதுவரை உன் அண்ணன் வீட்டிலேயே இரு. வாராவாரம் எடைச் சீட்டு அனுப்பு.

தைராய்டு, கொலஸ்ட்ரால் என்று மாத்திரை விழுங்காதே. எல்லாம் தின்ற கொழுப்பு. வாயைக் கட்டு, தானாக இறங்கும். நான் ஐம்பத்தாறு கிலோ. ஒரு மாத்திரை உண்டா?

அன்புடன்,
ஞானசேகரன்

கொரட்டூர்
12.8.2024

அன்புள்ள கார்த்திகா அப்பாவுக்கு,

கடைசிச் சீட்டை இணைத்திருக்கிறேன். சரியாக எழுபது. இரண்டு மாதமாக ரசமும் மோரும்தான். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. "இன்னா சுதா, ரெண்டு படி ஏறவே மூச்சு வாங்குற, மாத்திரைய நிறுத்திட்டியா?" என்று அண்ணன்தான் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

எடை குறைந்தும் கொலஸ்ட்ரால் இருநூற்று எழுபதில் நிற்கிறது. டாக்டரம்மா திட்டினார். "யாரும்மா நிறுத்தச் சொன்னது? தைராய்டு சரியா சுரக்கலன்னா கொலஸ்ட்ரால் ஏறும். கனத்த உடம்புன்னா எடையும் ஒரு காரணமா சேர்ந்துக்கும், எது எவ்ளோன்னு பிரிக்க முடியாது. ஒல்லியா இருக்கறவங்களுக்கு ஏறுச்சுன்னா தைராய்ட கண்டிப்பா பாக்கணும்."

அது கிடக்கட்டும். என் மாம்பழக் கலர்ப் பட்டை எடுத்து வையுங்கள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்துவிட்டேன். பதினேழாம் தேதி காலையில் வருகிறேன்.

உங்கள்
சுதா

ஆவடி
20.8.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. முந்தின நாள் உன்னை வாசல் கேட்டிலேயே திருப்பி அனுப்பியதில் வருத்தம் இருக்கும். எழுபதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கன்னம் ஒட்டி, மண்டை தெரிய நின்றாய். சீக்காளி பெற்ற பெண்ணை யார் எடுப்பார்கள்? என் அக்கா தட்டு மாற்றினாள். உன் பட்டு அவளுக்கு எடுப்பாக இருந்தது.

எனக்குத்தான் பத்து நாளாக ஒரே அசதி, முகமெல்லாம் வீக்கம். ஃபாக்டரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. நீ கல்யாணத்துக்குள் உடம்பைத் தேற்று. எழுபதைத் தாண்டாதே.

அன்புடன்,
ஞானசேகரன்

கொரட்டூர்
27.8.2024

கார்த்திகா அப்பாவுக்கு,

உங்கள் ரிப்போர்ட் பதினைந்தாம் தேதியே என் போனுக்கு வந்துவிட்டது. மெடிக்கல் கார்டில் என் நம்பரைத்தானே கொடுத்திருந்தீர்கள். தைராய்டு பாதிகூடச் சுரக்கவில்லை, கொலஸ்ட்ரால் முந்நூற்றுப் பத்து, உடனே சிகிச்சை வேண்டும் என்று இருக்கிறது. டாக்டரம்மா சொன்ன ஒல்லி ஆள் நீங்கள்தான். பதறிப்போய் பிரிண்ட் எடுத்து, பதினேழாம் தேதி பையில் கொண்டுவந்தேன். நீங்கள் பையைக்கூட உள்ளே விடவில்லை.

பெற்றவள் இருக்க அக்கா தட்டு மாற்றினாள் என்று படித்ததிலிருந்து என் வயிறு எரிகிறது. நான் மறுபடி மாத்திரை போடுகிறேன். இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன்.

உங்களுக்கு உங்கள் வைத்தியமே நல்லது. மாத்திரை வேண்டாம். வாயைக் கட்டுங்கள், எடையைக் குறையுங்கள். ஐம்பத்தாறில் எதைக் குறைப்பீர்கள் என்றுதான் தெரியவில்லை.

வாராவாரம் சீட்டு அனுப்புங்கள்.

சுதா