ஏழு பேருக்குப் பங்கு வைத்த கேப்சூல்

மர்கிலான்,
ஞாயிறு முற்பகல்

அன்பு மகள் நஃபோசத்துக்கு,

நான் நலம். நீயும் மருமகனும் சியோலில் சுகமாயிருக்க அல்லா அருளட்டும். உன் அத்தை ஓய்ஜமால்தான் நலமாக இல்லை, வியாழனிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் இதைப் படம்பிடித்து இப்போதே அனுப்புவாள்.

சர்க்கரைக்கென்று நீ எனக்கு அனுப்பிய பாகற்காய் கேப்சூலை நான் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. தூரத்துப் பிள்ளை அனுப்பியதைப் பங்கு வைக்காமல் இருக்கும் வழக்கம் நம் தெருவில் ஏது? போன மாதப் பெண்கள் விருந்து என் வீட்டு முறை. பலாவ் சோற்றுத் தட்டை எடுத்ததும் குப்பியைத் திறந்து மிட்டாய் போல ஏழு பேருக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். பெருமைதான், மறைக்கவில்லை. குப்பியின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. ஓய்ஜமால் அன்றோடு தன் சர்க்கரைக்கு டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். போதாததற்குத் தேநீரில் கற்கண்டு, அது சர்க்கரை இல்லை, மருந்தாம். மயங்கி விழுந்தபோது சர்க்கரை நம் ஊர் அளவில் இருபத்தெட்டு, ஏழுக்குள் இருக்க வேண்டியது; உங்கள் சியோல் கணக்கில் ஐந்நூறுக்கு மேல். கால்விரல் புண்ணும் கறுத்துவிட்டது. சர்க்கரை உடனே இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

டாக்டர், சின்னப் பெண், “வேற என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டபோது உன் பெயர் கெடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள், மகளே. நேற்றுதான் சொன்னேன். “மாத்திரைக்குப் பதிலா அது ஆகாதும்மா, கூடச் சாப்பிடறதா இருந்தாலும் எங்ககிட்ட கேக்கணும்” என்றாள், அவ்வளவுதான். பிறகு மற்ற ஆறு வீட்டுப் படியும் ஏறித் திருப்பிக் கேட்டேன். “கொரியா மகாராணியப் பெத்தவங்களே, குடுத்தத திருப்பிக் கேக்குற முதல் ஆளு நீங்கதான் அக்கா” என்று பஷோரத் சிரித்தாள். அவள் பங்கையும் வாங்கி வந்தேன்.

இன்று காலை ஓய்ஜமாலின் தலையணைக்கு அடியில் அதே காகித மடிப்பு. பிடுங்கப் போனேன், கையை இறுக்கிக்கொண்டாள். “நஃபோசத் அனுப்புனது இருக்கும்போது எனக்கு ஊசி எதுக்கு அண்ணி? உங்க பங்கு தீந்து போச்சா?” என்கிறாள். ஊசிக்குக் கை நீட்டவே மாட்டேன் என்கிறாள். என் பேச்சு அவளிடம் செல்லாது. இதைப் படித்தவுடன் அவளை அழை, என்னை அல்ல. அழாதே. அவள் அந்த மடிப்பை நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளும்வரை போனை வைக்காதே.

உன் வீடு குறையின்றி நிறைந்திருக்க வேண்டுகிறேன். அத்தைக்கு இடது காது மந்தம், உரக்கப் பேசு.

உன் அம்மா,
முஹ்தரமா